கார்புரேட்டரின் மேல்மூடி

ஜூன் 3, திங்கள்

தென்காசி நகராட்சியின் குடிநீர் மோட்டார்களை முப்பத்தோரு ஆண்டுகள் கட்டி ஆண்டு, சென்ற ஆண்டு முடிதுறந்த குற்றாலிங்கமாகிய நான், இன்று காலை பின்பக்கத் தகரக் கொட்டகையைத் திறந்தேன். கதவு போட்ட சத்தத்தில் மலைமேல் இரண்டு யானையாவது எழுந்து உட்கார்ந்திருக்கும். உள்ளே இருந்த தூசியைக் குழைத்தால் ஒரு தாலுகாவுக்கே சுவர் வைக்கலாம். அதன் நடுவே அக்காவின் மோட்டார் சைக்கிள். பன்னிரண்டு வருஷமாக அசையாத தவம்.

எல்லாம் பகவதியால் வந்தது. அக்கா மகள். கால்நடை ஆய்வாளர் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை ஒன்றாம் தேதி ஊத்துமேட்டில் சேர வேண்டும். புது ஸ்கூட்டர் வாங்கித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம் மாமா. அம்மா சீட்டுப் போட்டு வாங்குன வண்டி சும்மாத்தான கெடக்கு. அதத் தாங்க.”

“ஏட்டி, அது வண்டியா? பன்னெண்டு வருசத்துப் பொணம்.”

“நீங்க தொட்டா எந்திரிக்காதா?”

இந்த ஒரு வார்த்தையில் என்னை மொத்தமாக விலைக்கு வாங்கிவிட்டாள். மூன்றே நாளில் ஓடும் என்று அறிவித்தேன். அவள் போகவில்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அந்த ஏத்தத்துல, அந்த வளைவுல, இதே வண்டிய நான் ஓட்டணும் மாமா. குடிக்காம ஓட்டுனா ஒழுங்காத்தான் போவும்னு பாக்கணும். ஆக்சிலேட்டர் ஒட்டிக்கிச்சாம்! சொன்னாரு பாருங்க கதை.”

சொன்னவர் அவள் அப்பா, என் அத்தான் பால்வண்ணன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள், அக்கா உலகம்மாளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஊத்துமேட்டு ஏற்றத்தில் போனார். வளைவில் திரும்பாமல் நேரே பாறையில் போய் அடித்தார். அக்கா அங்கேயே போய்விட்டாள். அத்தானுக்கு வலது கால் ஊனமாயிற்று. குடித்துவிட்டு ஓட்டினார் என்று வழக்கு, ஒரு வருஷம் ஜெயில். அதோடு லாரி லைசென்சும் போயிற்று. இப்போது சுரண்டையில் ஒரு புளி மண்டியில் காவல். பகவதிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அன்று முதல் எங்கள் வீட்டில் வளர்கிறாள். அப்பாவோடு இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கும் வடிவுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

டேங்க் மூடியைத் திறந்தேன். உள்ளே பெட்ரோல் என்ற பெயரில் இருந்தது பழைய வார்னிஷ். அந்த நாற்றத்தில் முருங்கை மரத்துக் காகம் ஒன்று வேறு ஜில்லாவுக்குக் குடிபெயர்ந்தது. கையளவு ஜல்லியும் சோப்புத் தண்ணீரும் போட்டு டேங்கைக் குலுக்கினேன். துரு தேங்காய்ச் சிரட்டை நிறைய வந்தது.

நொறுங்கிக் கிடந்த ஆக்சிலேட்டர் கைப்பிடிக்குப் புதிது போட்டேன். கேபிள் தளர்ந்து தொங்குகிறது. திருகினால் கை சும்மா சுற்றுகிறது. பழைய கேபிள் நீண்டிருக்கும்.

ஜூன் 5, புதன்

சாரல். வேலை இல்லை.

ஜூன் 8, சனி

கார்புரேட்டர் மீது படையெடுப்பு. அடிக்கிண்ணத்தின் நாலு திருகில் மூன்று சரணடைந்தன. நாலாவதுக்குச் சுத்தியலும் நாலு கெட்ட வார்த்தையும் தேவைப்பட்டன. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வற்றி, பச்சையாகப் பிசின் மாதிரி உறைந்திருந்தது. மிதவை அதில் மாட்டிய ஈ. பெட்ரோல் பீய்ச்சுகிற இரண்டு ஜெட்டும் அடைப்பு. சின்ன ஜெட்டின் துளை எறும்பின் கண்ணைவிடச் சிறியது. சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு இழை உருவிக் குத்தி எடுத்தேன். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். மாட்டினேன். உதைத்தேன்.

ஆயிரத்து நூறு உதை. சரி, ஒரு எண்பது. அசையவில்லை.

கொல்லைக் கல்லில் துணி துவைத்தபடி வடிவு கேட்டாள். “அடியில இருக்க எல்லாத்தையும் கழட்டுதீய. மேல ஒரு மூடி இருக்கே, அது எதுக்கு?”

“அதுக்குள்ள ஒண்ணும் இல்ல.”

“ஒண்ணும் இல்லாமயா மூடி போட்டிருக்கான்?”

பெண்களுக்கு எந்திர சாஸ்திரம் விளங்காது என்றேன். அவள் ஈரச் சேலையை உதறினாள். பாதித் தண்ணீர் என் மேல்தான் விழுந்தது.

ஜூன் 9, ஞாயிறு

பிளக் புதிது. தீப்பொறி சிவகாசிக்கே சவால் விடுகிறது. சோக்கை இழுத்துவிட்டு உதைத்தாலும் எடுக்கவில்லை.

மார்க்கெட்டுக்குப் போன வழியில் மெக்கானிக் மீரானைப் பார்த்தேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டே கேட்டார். “ஜெட்டுல கம்பி விட்டியளா அண்ணாச்சி? விடக் கூடாதுல்லா. துளை பெருசாயிரும். காத்து அடிச்சு எடுக்கணும்.” அப்புறம், “சோக் போட்டும் எடுக்கலைன்னா ஸ்லைடு மேலேயே நிக்கும். மேல்மூடியத் தொறந்து பாத்தியளா?”

ஸ்லைடு என்பது ஆக்சிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறி, விட்டால் கீழே இறங்க வேண்டிய உருளை. நல்லாத்தான் இருக்கும் என்றேன்.

“பாக்காமலே நல்லா இருக்குங்கிய?” என்று சிரித்தார். டயரைத் தண்ணீரில் அமுக்கினார். குமிழி வந்தது.

ஜூன் 12, புதன்

கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் ஒழுகுகிறது. மிதவை ஊசி தேய்ந்துவிட்டது. புது ஊசி போட்டேன். ஒழுக்கு நின்றது. இந்த வெற்றிக்காகக் கொட்டகை வாசலில் ஒரு கல்வெட்டு நாட்டலாமா என்று கேட்டேன். வடிவு கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்தாள்.

“பன்னெண்டு வருசமா, பழைய இரும்புக்குப் போடுங்க, போடுங்கன்னு சொன்னேன். போடவும் இல்ல, தொறந்து பாக்கவும் இல்ல. ஏன்?” என்றாள்.

அக்கா ஞாபகமாக இருக்கட்டும் என்றுதான்.

ஜூன் 15, சனி

இன்று எடுத்தது.

பிளக் துளையில் நேரே அரை மூடி பெட்ரோல் விட்டு, பகவதியைப் பின்னாலிருந்து தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன். பிடித்துக்கொண்டது. நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு இறங்கி, பரிசு வாங்கப் போகிறவனைப் போலக் கையைத் தூக்கினேன். வண்டி கத்த ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரில் யார் கையும் இல்லை. சத்தம் ஏறிக்கொண்டே போனது. சைலன்சரிலிருந்து வந்த வெள்ளைப் புகையில் கொட்டகை தெரியவில்லை. சாவியைத் திருப்பினால் துருப்பிடித்த பூட்டு திரும்ப மறுத்தது. பிளக் மூடியைப் பிடுங்கினேன். தோள்வரை ஷாக் அடித்தது. நின்றது.

அத்தான் அன்று சாவியை அணைத்திருக்கலாமே என்று இந்த ஊரில் நான் எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்.

பகவதி சுவரோடு ஒட்டி நின்றாள். “அது ஏன் மாமா யாரும் முறுக்காமலே அப்படிக் கத்துச்சு?”

“பழைய பெட்ரோல்ட்டி. கிறுக்குப் பிடிச்சிரும்.”

“புதுப் பெட்ரோல்தான ஊத்துனீய?”

ஜூன் 16, ஞாயிறு

நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் பகவதி மீரானைக் கூட்டிவந்துவிட்டாள். நான் வந்தபோது அவர் மேல்மூடியின் திருகில் கை வைத்திருந்தார்.

மூடி வந்தது. கேபிளோடு ஸ்லைடு வரவில்லை. உச்சியிலேயே மாட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு, மூக்குப் பிளேயரால் மெல்ல ஆட்டி இழுத்தார். ஸ்லைடும் அதன் தலையில் ஒரு ஸ்பிரிங்குமாக வந்தன. மீரான் ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“யா அல்லா! இது வண்டி ஸ்பிரிங்கே இல்ல. செடிக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயர்ல உள்ளது. பிளேயரால வெட்டிப் போட்டிருக்கான். முனையக்கூட ராவல. பாருங்க, செவுத்துல எப்படிக் கீறியிருக்குன்னு. கொஞ்சமா முறுக்குனா ஒண்ணும் தெரியாது. ஏத்தத்துல ஃபுல்லா முறுக்குனா முனை செவுத்துல குத்தி நின்னுரும். கைய விட்டாலும் ஸ்லைடு கீழ வராது.”

“அப்ப ஆக்சிலேட்டர் ஒட்டுனது நெசமா?” என்றாள் பகவதி.

“நெசந்தான் தாயி. எந்தக் கொலகாரப் பாவி கை வச்சானோ.”

“யாரு மாமா போட்டது?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மீரான் பாய் என் வீட்டுக்கு வந்து இன்றுதான் முதல் முறையாக டீ குடிக்கிறார், டீ ஆறுகிறதே என்று நினைத்தேன்.

“அத்தான்தான் போட்டிருப்பாரு,” என்றேன். “எல்லாத்துலயும் அவரே கை வைப்பாருல்லா.”

ஜூன் 17, திங்கள்

இந்த நோட்டை யாரும் படிப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான்தான் போட்டேன். கொடை அன்று காலை ஆக்சிலேட்டர் மெதுவாகத் திரும்புகிறது என்று அத்தான் சொன்னார். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. கொடைக்காகக் கடையெல்லாம் மூடிவிட்டார்கள். வண்டி நாளைக்கு வேண்டும் என்றார். நம் ஸ்பிரேயரைப் பிரித்து ஸ்பிரிங்கை எடுத்து வெட்டிப் போட்டேன். கனமான கம்பி. நாலு ஜென்மத்துக்குத் தாங்கும் அத்தான் என்றேன். கல்யாண மண்டபம் கட்டிய கொத்தனாரைப் போல முதுகை நிமிர்த்தியபடி சொன்னேன். ஸ்பிரிங்கில் குறை இல்லை. அரத்தால் ஒரு நிமிஷம் ராவியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ரோடும் அந்தக் காலத்தில் படு மோசம்.

ராத்திரி கொடையில் அவருக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்ததும் நான்தான். வேண்டாம் என்றார். என் பேச்சைத் தட்டாதீய என்றேன். ஒரே கிளாஸ். அது கொடை ராத்திரி. வண்டி எடுத்தது மறுநாள் மத்தியானம்.

ஆஸ்பத்திரியில் அக்காவைத் துணியால் மூடிவிட்டார்கள். வெளியே வந்தேன். குடித்திருந்தாரா என்று போலீஸ்காரர் கேட்டார். ஒரு குடம் குடிச்சிருப்பாரய்யா என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன். சாரல் விழுந்தால் கடல் கொட்டியது என்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள், பாதியைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். கீழே என் கையெழுத்தை வாங்கினார். கோர்ட்டில் கேட்டபோதும் ஆமாம் என்றேன்.

ஆக்சிலேட்டர் திரும்பவில்லை என்று அத்தான் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. அப்போது எனக்கு ஸ்பிரிங் ஞாபகம் வரவில்லை. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இரவுச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது வடிவு குழம்பு ஊற்றிக்கொண்டே சொன்னாள். “அந்த வருசம் கத்திரிச் செடிக்கு மருந்தடிக்கப் போனேன். ஸ்பிரேயர்ல ஸ்பிரிங்கக் காணோம்.”

நான் சாப்பிட்டேன்.

“நான் ஒண்ணும் கேக்கல,” என்றாள். குழம்புச் சட்டியை மூடிவிட்டு, “அவகிட்ட எதையும் சொல்லித் தொலைச்சிராதீய. எனக்கு வேற பிள்ள இல்ல,” என்றாள்.

ஜூன் 20, வியாழன்

சனிக்கிழமை சுரண்டைக்குப் போகிறாளாம். அப்பாவை நேரில் கேட்க வேண்டுமாம். நானும் வர வேண்டுமாம். எனக்குக் காய்ச்சல் என்றேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்றாள்.

ஜூன் 22, சனி

போனோம்.

புளி மண்டி ஊருக்கு வெளியே. வாசலிலிருந்து கூரைவரை சாக்கு. அத்தான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பகவதியைப் பார்த்ததும் கம்பை ஊன்றாமலே எழுந்தார். விழப் போனவர் சாக்கைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நொண்டி நொண்டி வந்ததில் பாதி தரையில் சிந்திவிட்டது. நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“வண்டியத் தொறந்து பாத்தோம்,” என்றாள். “ஆக்சிலேட்டர் ஒட்டுனது நெசந்தான்.”

அத்தான் செம்பைக் கீழே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தச் சொல்லைச் சொன்ன முதல் ஆள் அவள்.

“ஸ்பிரேயர் ஸ்பிரிங்க வெட்டிப் போட்டிருந்துச்சு. நீங்கதான் போட்டீயன்னு மாமா சொன்னாவ. நெசமா?”

துண்டு கீழே இறங்கியது. அத்தான் என்னைப் பார்த்தார். நான் சாக்கில் அச்சடித்திருந்த எழுத்துகளைப் படித்தேன். திரும்ப முதலிலிருந்து படித்தேன். வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்து முடித்து, என்ஜினை அணைத்தது. அவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னால் முடிந்தது. சொல்லட்டும் என்றுகூட நினைத்தேன். சொல்லக் கூடாது என்று குற்றாலநாதரையும் வேண்டிக்கொண்டேன்.

“ஆமா,” என்றார். “நாந்தான் போட்டேன்.”

“ஏன்?”

“கொடைக்கிக் கடை அடைச்சிருந்துச்சு.”

அன்று நான் அவரிடம் சொன்ன அதே காரணம்.

“இத்தன வருசமாக் குடிச்சுக் கொன்னீயன்னு நெனச்சேன்,” என்றாள் பகவதி. குரல் உயரவில்லை. “குடிக்காமலே கொன்னுருக்கீய. எங்க அம்மா உக்காருத வண்டின்னு ஒரு நெனப்பு இருந்துச்சா? கைக்குக் கெடைச்சத வெட்டிப் போடுவீயளா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். “அத்தான்…”

“பேசாத வே.”

“நான் அவகிட்ட…”

“என்னத்தச் சொல்லுவ? சொல்லி? ஒங்க வீட்ட விட்டுட்டு வந்துருவா. எங்க வருவா? இந்தச் சாக்கு மேல பாய் விரிச்சுப் போடவா? அவளுக்கு இருக்கது ஒரு வீடு. அதையும் ஒடைக்க என்னால ஆவாது.” கம்பைத் தேடி எடுத்தார். “ஒனக்காகச் சொன்னேன்னு மட்டும் நெனச்சிராத. ஒன்னய நெனச்சா எனக்கு இப்பவும் வாந்திதான் வருது. போ. பிள்ள அங்க தனியா நிக்கா.”

பஸ்ஸில் பகவதி ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். பாவூர்சத்திரம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்தாள். “நீங்க மட்டும் இல்லாட்டி நான் எங்க மாமா கெடந்திருப்பேன்?” என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

ஆட்டுக்கறிக் குழம்பு. இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜூன் 26, புதன்

கம்பெனி ஸ்பிரிங் மதுரையிலிருந்து வந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மீரான் ஸ்லைடின் கீறலை மெருகுத்தாளால் தேய்த்து, மாட்டி, ஐடிலிங் வைத்தார். ஒரே உதை. பூனை உறுமுகிற மாதிரி நின்று ஓடுகிறது.

பழைய ஸ்பிரிங் எங்கே என்று கேட்டார். குப்பையில் போட்டாச்சு என்றேன். போடவில்லை. அவர் போனதும் தெப்பக்குளம்வரை கொண்டு போனேன். அங்கே ஆள் இருந்தது. திரும்ப வந்து போட்டேன், குப்பையில்தான்.

ஜூன் 28, வெள்ளி

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். காலையில் அவள் பல் தேய்க்கும்போது போய் நின்றேன். “ஏட்டி, ஒங்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்,” என்றேன். “என்ன மாமா, கலெக்டர் ஒங்களத் தேடி வந்திருக்காரா?” என்றாள் நுரை வாயோடு. நானும் சிரித்துவிட்டேன். ஆமாம், வாசலில் ஜீப் நிற்கிறது என்றேன்.

மத்தியானம் திரும்பவும் போனேன். சுரண்டைக்கு ஒரு தடவை போய் வரலாமா என்று கேட்டேன். அந்தப் பேரை இந்த வீட்டில் எடுக்காதீய என்றாள். அடுப்படியில் வடிவு பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.

ஜூன் 30, ஞாயிறு

நாளைக்குச் சொல்லலாம்.

ஜூலை 1, திங்கள்

காலை ஏழு மணிக்குப் பகவதி சேலையைச் சொருகிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்தாள். வடிவு எலுமிச்சம்பழம் வைத்தாள். ஒரே உதையில் எடுத்தது.

“ஏறுங்க மாமா. மொத நாளு நீங்கதான் கூட வரணும். வரும்போது பஸ்ஸில வந்துக்கிடலாம்.”

எனக்கு மூட்டு வலி என்றேன். கேட்கவில்லை. ஏறினேன். அக்கா உட்கார்ந்த சீட்.

வாய்க்கால் பாலம்வரை ரோடு சமமாக இருந்தது. அதற்கப்புறம் ஏற்றம். மலையில் மேகம் இறங்கியிருந்தது. பகவதி முறுக்கினாள், இன்னும் முறுக்கினாள், முழுக்க முறுக்கினாள். வண்டி முனகிக்கொண்டு ஏறியது. பாறை தெரிந்தது. சுண்ணாம்பு அடித்து அம்பு போட்டிருக்கிறார்கள். நான் கண்ணை மூடவில்லை. மூட வேண்டும் என்று தோன்றியது, மூடவில்லை.

கையை விட்டாள். சத்தம் அப்படியே இறங்கியது. வண்டி தளர்ந்து, வளைவில் பூப்போலத் திரும்பியது.

வளைவு தாண்டி ஓரத்தில் நிறுத்தினாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள். நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகி விட்டாள். திரும்பவும் திருகி விட்டாள்.

“பாத்தீயளா மாமா? வேலை தெரிஞ்ச ஆளு கை வச்சா எப்படித் திரும்பி வருதுன்னு. அந்த ஆளு மட்டும் அன்னைக்கு ஒங்ககிட்ட குடுத்திருந்தா எங்க அம்மா இருந்திருப்பா.”

மலையிலிருந்து காற்று அடித்தது. இதுதான் நேரம். இதைவிட நல்ல நேரம் எனக்கு இனி வராது. வாயைத் திறந்தேன்.

“நேரமாச்சு தாயி,” என்றேன். “மொத நாளே லேட்டாப் போவக் கூடாது.”

கியரைப் போட்டாள். “இன்னும் மேடு இருக்கு. கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க,” என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.